குடையோடு குகைக்கு வந்தவர்

அவர் முகத்தைப் பார்த்து ஆளை எடைபோட மாட்டார். செருப்பைத்தான் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் படியடியில் கழற்றிவிட்ட செருப்புகளைச் சுற்றி ஒரு நடை நடப்பார். படிக்குக் கிட்டச் சோடியாகக் கிடப்பது நேரத்தோடு வந்தவனின் செருப்பு. தெருவோரத்தில் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகக் கிடப்பது, தொழுகை தொடங்கிய பிறகு ஓடி வந்தவனின் செருப்பு. குதிக்கால் பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

"வாய் பொய் சொல்லும், முகமும் பொய் சொல்லும். செருப்புக்கு அந்த வேல தெரியா" என்பார்.

சாய்ந்தமருதில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசித்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் 'மீட்டர் மாமா'. பெயரை நான் எழுதப் போவதில்லை; எழுதினால் மையவாடிக் குழியிலிருந்து எழும்பி வந்து, ஏன் எழுதினாய் என்று மூன்று விதமாகக் கேட்பார். ஒரே கேள்வியை மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கேட்பதுதான் அவருடைய முறை. தேங்காய் வாங்கப் போனால் தானும் ஆட்டிப் பார்ப்பார், கடைக்காரரையும் ஆட்டச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்பார். பெருநாள் பிறை கண்டாயிற்று என்று பள்ளிவாசலில் அறிவித்தால் ஊரே தக்பீர் சொல்லும். இவர் மட்டும் கண்டது யார், எங்கே நின்று கண்டார், கண்ணாடி போடுகிற ஆளா என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் பெருநாள் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுப்பார்.

இதெல்லாம் நான் பிறகு அறிந்தவை. முதல் முதலாகக் கண்ட அன்று அவரை நான் சீஐடி பொலிஸ் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு ஊர் பொத்துவில். முதுகில் பை சுமந்து நாடு சுற்ற வரும் வெள்ளைக்காரரைக் கோமாரிப் பக்கத்துக் காட்டோரப் பாறைக்கு நடத்திக் கூட்டிப்போய், அங்கிருக்கும் வௌவால் குகையைக் காட்டுவது என் தொழில். மத்தியானம் இரண்டு மணிக்கு நடையைத் தொடங்கினால் மூன்றரைக்குக் குகை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன் வௌவால்கள் கூட்டமாக வெளியே புறப்படும் வரை பாறையில் காத்திருப்போம். அதைப் பார்க்கத்தான் அவர்கள் வருவது.

அந்த நாளில் எனக்கு ஒரு கலியாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கல்முனையில் ஒரு அச்சுக் கடையில் என் குகைக்கு விளம்பரப் பலகை அடிக்கக் கொடுத்தேன். அதை வடிவமைத்துத் தந்தது சாய்ந்தமருதுப் பிள்ளை ஒருத்தி. பலகையில் நான் போடச் சொன்ன வௌவாலைப் பார்த்து, "இது வவ்வாலா, எலிக்குச் சால்வை போத்திரிக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தேவையில்லாமல் நான் இரண்டு பலகை அடித்தேன். நான்காவது பலகைக்கு முன் அவளே வீட்டில் சொல்லிவிட்டாள், மாப்பிள்ளை கேட்கிறதென்றால் இந்த ஆளைக் கேளுங்கள் என்று. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியேறுவது. தங்கள் வீட்டுக்குள் ஒரு ஆணை எடுக்கிறார்கள், சும்மா எடுப்பார்களா? விசாரிப்பார்கள். விசாரிக்க ஒரு ஆள் வரும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடைத்தெருவில், பள்ளிவாசலில், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். குகைக்கு வருவார்கள் என்று யார் கண்டது?

அன்று என்னோடு வரப் பதிந்திருந்தது ஒரு ஜேர்மன் சோடி. நடை தொடங்கும் இடத்துக்கு நான் போனபோது அவர்களுக்குப் பக்கத்தில் இவர் நின்றார். வயது அறுபத்தைந்து இருக்கும். தோல் சப்பாத்து, இஸ்திரி போட்ட நீளக் காற்சட்டை, கையில் கறுப்புக் குடை. முதுகில் புத்தம் புதிய பை. கடைச் சீட்டு இன்னும் அதில் தொங்கியது.

"நானும் டூரிஸ்ட்தான் தம்பி" என்றார். "கல்முனைப் பக்கம். வவ்வால் பார்க்க ஆச."

கல்முனையில் வௌவால் இல்லையா? இந்த ஆள் சீஐடிதான் என்று எனக்குப் பட்டது.

அதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து இரண்டு வருடம் ஆகவில்லை. வெடிக்கவைத்தவர்களும் எங்கள் சமயம் என்பதைத் தவிர அதற்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் எங்கள் கரையோரத்து ஊர்களில் பெயர் தெரியாத ஆள் ஒருவர் வந்து கேள்வி கேட்டால், அது யார் என்று நாங்கள் கேட்பதில்லை. தெரியும். என்னையும் இரண்டு தரம் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார்கள். காட்டுக்குள் குகைக்கு ஆள் கூட்டிப் போகிறவன் என்றால் கேட்கத்தானே செய்வார்கள். அதட்டவில்லை, பிளேன்டி கூடத் தந்தார்கள். ஆனால் அந்தத் தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளைக்காரச் சோடி முன்னால் நடந்தது. இவர் என்னோடு ஒட்டிக்கொண்டார்.

"தம்பி எந்தப் பள்ளி மஹல்லா?"

எந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்தவன் என்று கேட்கிறார். போச்சு என்று நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான்.

"பள்ளிக்கெல்லாம் நான் பெரிசாப் போறல்ல சேர்" என்றேன். "இந்தத் தொழில்ல எங்க நேரம்?"

"ம்ம். வீட்டிலயாவது தொழுற?"

"இல்ல சேர். எனக்கு அதில பெரிய ஈடுபாடு இல்ல."

யா அல்லாஹ். ஐந்து நேரமும் விடாதவன் நான். ஆனால் அந்த வருடங்களில் தாடியைக் குறைத்தவர்கள், வீட்டிலிருந்த அறபுப் புத்தகங்களைக் கிணற்றில் போட்டவர்கள் எத்தனை பேர் எங்கள் ஊரில்! நானும் என்னை ஒரு உதவாக்கரையாகக் காட்டிவிட்டால் இந்த மனிசன் விட்டுவிடும் என்று நினைத்தேன்.

"கூட்டாளிமார் ஆரு?"

"எங்கட ஆக்களோட பழக்கம் குறைவு சேர். எல்லாம் வெள்ளக்காரர்தான்."

"அவங்களோட பழகக்குள்ள குடிக்கிற கிடிக்கிறது?"

இதுதான் சந்தர்ப்பம் என்று புத்தி சொன்னது. புத்தியா அது? "இடைக்கிடை பியர் ஒண்டு எடுப்பன் சேர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"வெளிநாட்டில சொந்தக்காரர் ஆரும்?"

"ஒருத்தரும் இல்ல." கூடப் பிறந்த காக்கா, எனக்கு மூத்தவர், கத்தாரில் எட்டு வருடமாக இருக்கிறார். இந்தப் பொய் குடைக்காரர் கையில் அப்படியே அகப்பட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. காக்கா இருப்பதைப் பெண் வீட்டார் அவரிடம் முதலே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குறுக்கே நீட்டிய கிளையொன்றைக் குடையால் ஒதுக்கினார். பிறகு, "கலியாணம் கட்டுற யோசின ஒண்டும் இல்லயா?" என்றார்.

பெண் பிள்ளையின் வீடு, பெயர் எல்லாம் இந்த ஆளிடம் போய்விடக் கூடாதே என்ற பயத்தில், "அந்த எண்ணமே இல்ல சேர், தனிய இருக்கிறதுதான் நிம்மதி" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். மரநிழல்தான், வெயில் இல்லை, மழையும் இல்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி நடந்தார்.

குகை வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் வௌவால் எச்சத்தின் காரம் மூக்கைப் பிடித்து உலுக்கும். கால் புதையும். எச்சத்துக்குள் கரப்பான்கள் ஊரும். டோர்ச்சின் மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருப்பேன், வெள்ளை வெளிச்சம் பட்டால் வௌவால்கள் கலையும் என்பதால். சத்தம் போடக் கூடாது. இதையெல்லாம் வாசலில் சொல்லித்தான் கூட்டிப் போவேன்.

அவர் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று குகைக்குச் சலாம் சொல்லிவிட்டு, விரித்த குடையோடு நுழைந்தார்.

"குடைய மடக்குங்க சேர். வவ்வால் கலையும்."

"கலைஞ்சா என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யா."

"ஒண்டும் செய்யாதெண்டா நீங்க என்னத்துக்குத் தொப்பி போட்டிரிக்கீங்க?"

நான் தொப்பியை இன்னும் இழுத்துவிட்டேன். மேலே இருந்து வௌவால் மூத்திரம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஜேர்மன்காரப் பெண் சிரித்துக்கொண்டே அவருடைய குடைக்குள் ஒதுங்கினாள். அவர் ஒரு சாண் விலகி, குடையை அவள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டார். அவருடைய பாதித் தோள் நனைந்தது. தலைக்கு மேல் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன, அவர் ஒன்றையும் அண்ணாந்து பார்க்கவில்லை. தன் சொந்த டோர்ச்சை எடுத்து பாறை வெடிப்புகளுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கால என்ன?"

"பாறை சேர்."

"அதுக்கங்கால?"

வாசலுக்குப் பக்கத்து வெடிப்பொன்றில் அவருடைய வெளிச்சம் நின்றது. அங்கே ஒரு கறுப்புப் பொலித்தீன் பை. "அது ஆருட பேக்?"

அது என் பை. உள்ளே என் தொழுகைப் பாய், வெள்ளைத் தொப்பி, தொழுமுன் கை கால் கழுவி வுழு எடுக்க ஒரு போத்தல் தண்ணீர். ஒவ்வொரு நாளும் சுமக்க வேண்டாம் என்று அங்கேயே வைத்திருப்பேன்.

"எனக்குத் தெரியா சேர்" என்றேன்.

அசர் தொழுகை நேரம் வந்தது. சோடி பாறையில் குந்திக்கொண்டு பிஸ்கட் தின்றது. இவர் சப்பாத்தைக் கழற்றி அதன் அடியைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். மூத்திரம் பெய்யப் போகிற மாதிரி எழும்பி, அவர் பாராத நேரம் பையை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனேன். நேரம் தவறுவதை நினைக்க எனக்கு முடியவில்லை. இரண்டாவது சுஜூதில் நெற்றியை வைத்திருக்கும்போது பாயின் மேல் ஒரு நிழல் விழுந்தது. வட்டமாக. குடை நிழல்.

தொழுகையை முறிக்கவில்லை. சலாம் கொடுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன், நிழலும் இல்லை ஆளும் இல்லை. மூன்றாவது தரம் கூப்பிடுவார்கள் என்று நிச்சயம் ஆகிவிட்டது. தொழுவதில்லை என்றவன் காட்டுக்குள் ஒளித்துத் தொழுகிறான். இதற்கு மேல் ஒரு சீஐடிக்கு என்ன வேண்டும்?

சூரியன் இறங்கியது. குகை வாசலிலிருந்து முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு புகை கிளம்பினாற்போல ஒரே கூட்டம். சோடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் இதே நேரமா?"

"ஓம் சேர்."

"இதுகளுக்கு நேரம் சொல்றது ஆரு?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். ஏதோ அதையும் நான்தான் மறைக்கிறேன் என்பது போல.

ஐந்தாம் நாள் உம்மா குசினிக்குள்ளிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தா. "அவங்க வேணாமாம் மகன். விசாரிக்க வந்தவர் சொல்லிட்டாராம். பொடியன் தொழுறல்லயாம், பியர் குடிக்கிறானாம், கலியாணமே வேணாமாம். அது பரவால்ல, திருந்துவான் எண்டு புள்ளட வாப்பா சொன்னாராம். அதுக்கு அவர் சொன்னாராம், 'அந்தப் பொடியன் தொழுறான், என்ட கண்ணால கண்டன். தொழாதவன் தொழுறன் எண்டு பொய் சொல்லுவான், அது உலகத்தில உள்ளது. தொழுறவன் தொழல்ல எண்டு பொய் சொன்னா அவன் பெரிசா எதையோ மறைக்கிறான். சொந்தக் காக்காவையே இல்ல எண்டவன்' எண்டு."

"ஆரும்மா விசாரிக்க வந்த?"

"ஆரோ மீட்டர் மாமாவாம். குடையோட வந்தாராமே?"



அன்று பின்னேரம் சாய்ந்தமருதுப் பிள்ளையிடமிருந்து கைபேசியில் ஒரே ஒரு வரி வந்தது: 'பியர் குடிப்பீங்களா?' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சவூதியிலிருந்து லீவில் வரும் ஒருவருக்கு நோன்புக்குப் பிறகு அவளைப் பேசி முடிப்பதாக இருக்கிறார்கள் என்று உம்மா சொன்னா. நோன்புக்கு இன்னும் பதினொரு நாள்.

அடுத்த நாள் காலையிலேயே சாய்ந்தமருதுக்கு பஸ் ஏறினேன். ஆத்திரம் என்றால் அப்படி ஒரு ஆத்திரம். கடற்கரைப் பக்கத் தெருவில் அவருடைய வீடு. கேற்றைத் தட்டினேன். யன்னல் சீலை விலகியது, மூடியது. பிறகு அவர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தார்.

"குகையால வாறீங்களா?"

"இல்ல மாமா, வீட்டால. நீங்க சீஐடி எண்டு நினைச்சிட்டன் மாமா" என்று கேற்றடியிலேயே கொட்டிவிட்டேன். ஆத்திரமெல்லாம் எங்கேயோ போய் அழுகை வந்தது.

"சீஐடியா? நானா?" அவர் சிரித்தார். "இந்தக் குடையோடயா?"

"அவங்க குடையோடயும் வருவாங்க மாமா."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருடைய மகள் பிளேன்டி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தையல் மெசினுக்குத் திரும்பினா. ஊர் முழுக்க மாப்பிள்ளை விசாரித்தவர் அந்த மகளின் மாப்பிள்ளையை மட்டும் விசாரிக்கவில்லை, சொந்தத் தங்கச்சியின் மகன்தானே என்று. ஆறு மாதத்தில் அந்த மாப்பிள்ளை மகளை விட்டுவிட்டுப் போய்விட்டார். இதைப் பிறகு எனக்கு அவரே சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்திக்கொள் என்றும் சொன்னார்.

அன்று நான் முதலில் குடிக்கும் வரை தன் பிளேன்டியில் அவர் வாய் வைக்கவில்லை. "எந்தக் கேள்வியில என்ன சீஐடி எண்டு நினைச்ச?" என்று கேட்டார். முதல் தரம் 'நீங்க' போய் 'நீ' வந்தது.

"எந்தப் பள்ளி மஹல்லா எண்டு கேட்டீங்களே, அதில."

"அதக் கேட்காம எப்படி ஒரு மாப்பிள்ளய விசாரிக்கிற?"

"அவங்களும் அதத்தான் மாமா முதல்ல கேட்கிற. மறுகா, கூட்டாளிமார் ஆரு எண்டு கேட்பாங்க. வெளிநாட்டில ஆரும் இரிக்கா எண்டு கேட்பாங்க. நீங்க கேட்ட அதே வரிசை."

அவர் தன்னுடைய முறைப்படி அதையே இன்னும் இரண்டு விதமாகக் கேட்டார். நான் அதையே சொன்னேன். பிறகு விரல் விட்டு எதையோ எண்ணினார். தையல் மெசின் நின்றுவிட்டது. நான் அந்தப் பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"பொறு" என்றார். "குண்டு வெடிச்சதுக்குப் பிறகு உன்னயும் சேத்து எட்டுப் பேர விசாரிச்சிரிக்கன். உன்னத் தவிர மூணு பேர வேணாமெண்டு சொல்லியிரிக்கன். ஒருத்தன் வாப்பாட பேரையே மாத்திச் சொன்னான். ஒருத்தனுக்குக் கை நடுங்கிச்சி. ஐஸ் போதை அடிக்கிறான் எண்டு நினைச்சன். அப்ப அவனுகளும் என்ன சீஐடி எண்டுதான்..."

 மிச்சப் பிளேன்டியைத் தள்ளி வைத்தார்.

அன்றே என்னையும் கூட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் நின்றபடியே, "நான் பிழை விட்டுட்டன்" என்று பெண்ணின் வாப்பாவிடம் சொன்னார். மீட்டர் மாமா அப்படிச் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்று, "அப்ப பியர்?" என்றாள். "அது அவர்ட வாய்க்குத் தெரியாத சாமான் புள்ள" என்று இவர்தான் பதில் சொன்னார்.

எங்கள் நிக்காஹ் அன்று பள்ளிவாசல் படியடியில் வழக்கம் போலச் செருப்புகளைச் சுற்றி நடந்தார். என்னுடையது படிக்குக் கிட்ட முதலாவதாக இருந்தது. காதுக்குள் வந்து, "புதுச் செருப்பு. ஒண்டும் தெரியுதில்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் மாப்பிள்ளை விசாரிக்கவில்லை. ஆனால் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவது நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்க அந்த மூன்று பொடியன்மாரைத் தேடிப் போனார். எங்கள் வீட்டுக்கு வரும்போது சொல்வார்: "ரெண்டு பேரக் கண்டுட்டன். மாப்புக் கேட்டன்."

"என்ன சொன்னாங்க மாமா?"

"ஓமெண்டும் சொல்லல்ல, இல்லையெண்டும் சொல்லல்ல. வேல இரிக்கி எண்டு எழும்பிட்டாங்க. மூணாமாள் அக்கரைப்பற்றில, ஒருக்காக் கையப் புடிச்சிக் கேட்டன், உள்ளுக்குப் போயிட்டான். இப்ப அவன்ட உம்மா ஒவ்வொரு தரமும் ஆள் இல்ல எண்டுறா."

"விடுங்க மாமா. எல்லாரும் கலியாணம் கட்டியிருப்பாங்க."

"நீ விசாரிச்சியா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

போன வருடம் அவர் கண்ணை மூடினார், மௌத்தானார். ஜனாஸா வீட்டுக்கு நாங்கள் நேரத்தோடு போய்விட்டோம். தெருவில் வேன்கள் வந்து வந்து நின்றன. அக்கரைப்பற்றிலிருந்து சொந்தக்காரரை ஏற்றி வந்த வேனின் சாரதி, முப்பது வயது இருக்கும், இறங்காமல் சீற்றிலேயே இருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மௌத்தானது ஆரு காக்கா?"

"மீட்டர் மாமா எண்டு சொல்ற. எந்த நாளும் குடையோட திரிவார்."

தண்ணீர்ப் போத்தல் அவர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"கறுப்புக் குடையா? எங்கட வீட்டடிக்கும் ஒருத்தர் வருவார் காக்கா. முந்தி ஒருக்கா வந்து வாப்பா ஆரு, எந்தப் பள்ளி எண்டெல்லாம் கேட்டவர். பயத்தில நான் வாய்க்கு வந்ததச் சொன்ன. கொஞ்ச காலத்தால மறுகா வந்தார். 'உங்களப் பத்திப் பிழையாச் சொல்லிட்டன், மாப்புத் தாங்க' எண்டு கையப் புடிச்சார். ஆருக்கிட்ட என்னத்தச் சொன்னார்?  சீஐடிக்காரன் புதுசா ஒரு வழியில வாறான் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு எத்தின தரம் வந்தாலும் ஆள் இல்ல எண்டு சொல்லச் சொல்லி, நான் அறைக்குள்ள இருந்திட்டன்."

"அவர் சீஐடி இல்ல தம்பி. உங்களுக்குப் பொண்ணு தர விசாரிக்க வந்தவர்."

சாரதி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னை நம்பலாமா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. நானும் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

"அவர்ட முகம் இன்னும் மூடல்ல, பார்க்கலாம்" என்றேன். "கெதியாப் போங்க."

வேன் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினார். வாசலில் உதறிய செருப்பு ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகக் கிடந்தது. நான் குனிந்து அதை எடுத்து, படிக்குக் கிட்டச் சோடியாக வைத்தேன்.